கோலாலம்பூரில் பீட்ஸ் (குழந்தை மருத்துவம்) பயிற்சி: சேரப் போகிறவர்களுக்கு உள்ளே இருப்பவளின் ரிவ்யூ

ரைஸ் குக்கருக்கும் வாழையிலைக் கடைக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிற நாம், வாழ்க்கையில் ஐந்தாறு வருஷத்தை எழுதிக் கொடுக்கிற ஒரு பயிற்சிக்கு ஏன் எழுதுவதில்லை என்று தெரியவில்லை. ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) காலத்தை முடிக்கப் போகிற தம்பி தங்கைகள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "அக்கா, பீட்ஸ் எடுக்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன், பேரலல் பாத்வேயில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு அரசு மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டேன். எவை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

பொறுமை இல்லாதவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு நல்ல தரம். தூக்கமும் காசும் மோசம். ஆனால் இந்தப் பயிற்சி உங்களை ஆளாக்குமா, ஆளையே தின்றுவிடுமா என்பதற்கு ஒரே ஒரு அளவுகோல்தான் என்னிடம் இருக்கிறது: ராத்திரி மூன்று மணிக்கு நீங்கள் போன் போட்டால் ஸ்பெஷலிஸ்ட் எப்படிப் பேசுகிறார்? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சரி, முதலில் என்ன வாங்குகிறீர்கள் என்று பார்ப்போம். கதவு இரண்டு. ஒன்று மாஸ்டர்ஸ், நான்கு வருஷம். மலாயா பல்கலைக்கழகம், யுகேஎம், யுஎஸ்எம் போன்றவை நடத்துவது. எல்லாருக்கும் பொதுவான பரீட்சை, ஒரு ஆய்வுக் கட்டுரை, அதிர்ஷ்டம் இருந்தால் அரசாங்க உபகாரச் சம்பளம். இன்னொன்று பேரலல் பாத்வே. சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் எம்.ஓ.வாக (மருத்துவ அதிகாரியாக) வேலை பார்த்துக்கொண்டே, பிரிட்டனில் இருக்கிற ராயல் காலேஜின் எம்ஆர்சிபிசிஎச் என்கிற குழந்தை மருத்துவப் பரீட்சையை எழுதி முடிப்பது. மூன்று தியரி தாள்கள், அப்புறம் கிளினிகல். கட்டணம் பவுண்டில். ரிங்கிட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு பவுண்டில் கட்டணம் கட்டும்போது வயிறு எப்படி எரியும் என்பதை அனுபவித்தால்தான் தெரியும், அதிலும் ஒரு தாளை இரண்டாவது தடவை எழுத வேண்டி வந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு வழியிலும் பட்டம் வாங்கிய மறுநாளே ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிட முடியாது, கெசட் ஆக வேண்டும், அதாவது மேற்பார்வையில் வேலை பார்த்த பிறகு ஸ்பெஷலிஸ்ட் என்று அரசாங்கம் அங்கீகரிக்க வேண்டும். மாஸ்டர்ஸ்காரர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம், நமக்கு பதினெட்டு மாதம். இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

"பேரலல் பாத்வே செல்லாதாமே?" என்று கேட்கிற அம்மா அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெரிய சண்டை இதய அறுவை சிகிச்சைப் பிரிவில், பேரலல் பாத்வேயில் வாங்கிய எடின்பரோ பட்டத்தை ஏற்றுப் பதிவு செய்வதில் வந்தது. அதைச் சரிசெய்யத்தான் 2024இல் மருத்துவச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் பீட்ஸில் எம்ஆர்சிபிசிஎச் பட்டத்தோடு வந்தவர்கள் நாடு முழுக்க ஸ்பெஷலிஸ்டுகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு ஊசி போட்டவரே அப்படி வந்தவராக இருக்கலாம், பயப்படாதீர்கள்.

பரீட்சையைப் பற்றி என் குறை ஒன்றே ஒன்று. நியாயமான பரீட்சைதான், ஆனால் அது பிரிட்டன் வார்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்கிற பரம்பரை நுரையீரல் நோய் பற்றி விழுந்து விழுந்து படிப்போம், வார்டில் பார்ப்பது அபூர்வம். வார்டு நிறைய இருப்பது டெங்கி, தலசீமியா, மஞ்சள் காமாலை, ஆர்எஸ்வி வைரஸ் மூச்சிரைப்பு. சந்தேகத்துக்குரிய காயத்தோடு ஒரு பிள்ளை வந்தால் அங்கே சமூக சேவை அதிகாரியை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று பதில் எழுதிவிட்டு, இங்கே வந்து நம் நடைமுறையைத் தனியாகப் படிக்க வேண்டும். போகட்டும், கிளினிகல் பரீட்சைக்கான தயாரிப்பு மட்டும் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. பெற்றோரிடம் கெட்ட செய்தி சொல்வது, இரண்டு வயதுப் பிள்ளையைத் தரையில் உட்கார்த்தி ஐந்தாறு கட்டைகளை வைத்து அதன் வளர்ச்சியைக் கணிப்பது, இதையெல்லாம் ஒருவர் முன்னால் செய்து காட்டித் திட்டு வாங்கிப் பழகுவது வேறு எங்கும் கிடைக்காது.

இனி வேலை. பெரியவர்கள் வார்டிலிருந்து வருகிறவர்களை முதலில் மிரட்டுவது கணக்குதான். இங்கே எல்லாம் கிலோ கணக்கு. பதினான்கு கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைய திரவம் எவ்வளவு? முதல் பத்து கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20. ஆக 1,200 மில்லி, மணிக்கு 50. ஹாலிடே, செகார் என்ற இரண்டு பேர் 1957இல் சொன்ன சூத்திரம், இன்றைக்கும் ரவுண்டில் கன்சல்டன்ட் திடீரென்று திரும்பிக் கேட்பது இதைத்தான். பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒரு புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும், ஆகவே எழுதியதை மிஸி (நர்ஸ்) ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பார், நீங்களும் படிக்க வேண்டும், அலுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல வார்டா என்று கண்டுபிடிக்க இதையும் பாருங்கள்: மருந்துக் கணக்கை இரண்டாவது ஆள் சரிபார்க்கும்போது யாராவது சலித்துக்கொள்கிறார்களா?

டெங்கியை இந்த ஊரில் கற்றுக்கொள்வதைப் போல் வேறு எங்கே கற்றுக்கொள்ள முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள், அதிலிருந்து 24 முதல் 48 மணி நேரம் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். ஹிமட்டோகிரிட் (ரத்தத்தின் அடர்த்தி) ஏறும், பிளேட்லெட் இறங்கும், பிள்ளை சோர்ந்து கிடக்கும், கை கால் சில்லென்று இருக்கும். அந்த நேரம் பார்த்து அம்மா வந்து நிற்பார். "டாக்டர், காய்ச்சல்தான் விட்டிருச்சே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? அவங்க பாட்டி வேற போன் மேல போன் போடுறாங்க." இல்லைம்மா, இன்றைக்குத்தான் இருக்க வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லி, மூத்திரம் எவ்வளவு போனது என்று குறிக்கச் சொல்லி, தண்ணீரை ஏற்றி, இரண்டு நாள் கழித்து கசிந்த நீர் திரும்பி வரும்போது மூச்சு முட்டாமல் இருக்க ஏற்றியதைச் சரியான நேரத்தில் நிறுத்தி... புத்தகத்தில் ஒரு பக்கம், வார்டில் மணிக்கு மணி. நிறுத்தத் தெரிவதுதான் கஷ்டமான பாகம்.

என்.ஐ.சி.யு., அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு, தனி உலகம். 700 கிராமில் ஒரு குழந்தை. அதன் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தமே 60 மில்லி சொச்சம்தான். நாம் சோதனைக்கு எடுக்கிற ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு வைக்க வேண்டும், "எதற்கும் இன்னொரு டெஸ்ட் அனுப்பி வைப்போம்" என்கிற பெரியவர்கள் வார்டுப் பழக்கம் இங்கே செல்லாது. மூச்சுக்காக வாய்வழியே விடுகிற குழாய் 2.5 மில்லிமீட்டர் அளவு, உதட்டில் எத்தனையாவது சென்டிமீட்டரில் நிற்க வேண்டும் என்றால் கிலோ எடையோடு ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். தொப்புள் ரத்தக் குழாயில் லைன் போடுவது, நுரையீரல் விரிய சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுப்பது, தலைமயிர் தடிமன் உள்ள ரத்தக் குழாயில் மஞ்சள் பிரானுலாவை (மெல்லிய ஊசிக் குழாயை) ஏற்றுவது எல்லாம் செய்து செய்துதான் வரும். முதலில் கை நடுங்கும், அப்புறம் நடுங்காது, பிறகொரு நாள் அந்தக் குழந்தையின் அப்பா கண்ணாடிக்கு வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டால் மறுபடி நடுங்கும். இந்தப் பகுதிக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். இங்கே இருக்கிற மூத்த மிஸிகள் பல எம்.ஓ.க்களை வளர்த்து விட்டவர்கள். அவர்கள் "டாக்டர், இந்த பேபி நிறம் எனக்குப் பிடிக்கல" என்று சொன்னால் எழுந்து போங்கள், மானிட்டரைப் பார்த்து வாதாடாதீர்கள்.

இப்போது அந்தப் போன் விஷயம். ராத்திரி ஆன்காலில் (இரவுப் பணியில்) வார்டுக்கும் எமர்ஜென்சிக்கும் பிரசவ அறைக்கும் நடுவில் ஓடுகிற எம்.ஓ.வுக்கு, வீட்டில் இருக்கிற ஸ்பெஷலிஸ்டின் நம்பர்தான் துணை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் முதல் மணியிலேயே எடுப்பார். "சொல்லும்மா. பிள்ளை இப்ப எப்படி இருக்கு? நீ என்ன செய்யலாம்னு நினைக்கிறே?" அவ்வளவுதான். நாம் நினைத்ததைச் சொல்வோம், சரி என்றால் சரி, இல்லையென்றால் ஏன் இல்லை என்று இரண்டு வரியில் சொல்வார், குரலில் சந்தேகம் தட்டினால் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரிடம் நான் கற்றது ஒரு ஷெல்ஃப் புத்தகத்துக்குச் சமம். இன்னோர் இடத்தில் போன் எடுத்ததும் வருகிற முதல் வாக்கியம், "இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க?" அங்கே என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எம்.ஓ.க்கள் கூப்பிடுவதைத் தள்ளிப்போடப் பழகிவிடுகிறார்கள், ஹவுஸ்மேன்கள் எம்.ஓ.வை எழுப்பத் தயங்குகிறார்கள், காலையில் வேலையை ஒப்படைக்கிற பாஸ்ஓவரில் எல்லாருக்கும் முன்னால் "ஏன் கூப்பிடவில்லை?" என்று கேட்கப்படுகிறது. பெயர் பெற்ற மருத்துவமனை, புதிய கருவிகள், உட்பிரிவு நிபுணர்கள் எல்லாம் இருந்தும் அங்கே நான் கற்றது குறைவு. பயந்துகொண்டே இருக்கிற மூளையில் எதுவும் ஏறாது. அங்கிருந்த ஸ்பெஷலிஸ்டுகள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், அவர்களையும் யாரோ அப்படித்தான் வளர்த்திருப்பார்கள், மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர்களுக்கும் கிளினிக் இருக்கிறது. ஆனால் ரிவ்யூ எழுத வந்துவிட்டு இதை மறைத்தால் வேறு எதைச் சொல்வது?

வகுப்புகள் பற்றி. தாளில் பார்த்தால் வாரா வாரம் டீச்சிங் இருக்கும். நிஜத்தில், வார்டு நிறைந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். நவம்பரில் மழையோடு வைரஸ் கூட்டம் வந்துவிட்டால் டீச்சிங் பட்டியலை யாரும் பார்ப்பதே இல்லை. லாக்புக் (செய்த வேலைகளின் பதிவேடு) கையெழுத்துக்கு சூபர்வைசரைத் துரத்துவது தனி வேலை, மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் அவரும் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார், யாருக்கும் பயனில்லை. செய்த அன்றைக்கே நீட்டிவிடுங்கள்.

காசு விஷயத்தை வேகமாக முடித்துவிடுகிறேன், எழுதினால் கோபம் வரும். ஆன்கால் படி மணிக்கு ஒன்பது ரிங்கிட் சொச்சம்தான் என்று டாக்டர்கள் ஊடகங்களில் வருஷக் கணக்காகப் புலம்பிய கதை ஊருக்கே தெரியும். 2016 கடைசியில் ஒப்பந்த முறை வந்ததிலிருந்து நிரந்தரப் பணி என்பதும் கேள்விக்குறி. 2021 ஜூலை 26ஆம் தேதி கருப்புச் சட்டையோடு வெளிநடப்பு செய்தார்களே ஒப்பந்த டாக்டர்கள், அது சும்மா நடந்ததில்லை. போஸ்ட்கால் அன்று, அதாவது ஆன்கால் முடிந்த மறுநாள், மதியம் வீட்டுக்குப் போகலாம் என்பது துறைக்குத் துறை மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகைக்கு செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் பார்த்தால் தித்திவங்சா பக்கத்து மருத்துவமனைகளுக்கு வசதி, காரைக் கொண்டுபோய் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட ரயில் எவ்வளவோ மேல். தைப்பூசத்தை ஒட்டி இரவில் ரதம் துன் எச்.எஸ். லீ சாலையிலிருந்து பத்துமலைக்குக் கிளம்பும்போது மட்டும் உங்களுக்கு ஆன்கால் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழி முழுக்க ஜனம், நடந்தே போய்ச் சேர வேண்டியிருக்கும். (சாமி கும்பிட்ட புண்ணியமும் கூடவே கிடைத்துவிடும், அது வேறு விஷயம்.) சாப்பாட்டுக்கு மாமாக் கடைதான் கதி. ராத்திரி இரண்டு மணிக்கு மகி கோரேங், தே ஓ ஐஸ் லீமாவ், தாப்பாவ் செய்து (பார்சல் கட்டி) வந்து வைத்தால் நூடுல்ஸ் ஊறிப்போன பிறகுதான் சாப்பிட நேரம் வரும். யாருடைய ஆன்காலில் கேஸ் குவிகிறதோ அவர் "ஜோனா". என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ரோஸ்டரில் என் பெயரைப் பார்த்ததும் மிஸிகள் அன்றைக்கு லீவு கேட்கிறார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு மலாய், சீன நண்பர்கள் நம் ஆன்காலை எடுத்துக்கொள்வார்கள், ஹரி ராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாம் நிற்போம். யாரும் சட்டம் போட்டு வந்த ஏற்பாடு இல்லை, ஆனால் பார்த்த இடமெல்லாம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த நாட்டில் டாக்டராக இருப்பது பிடிக்கும்.

தமிழ் தெரிந்த டாக்டருக்கு இங்கே ஒரு கூடுதல் வேலை உண்டு, சம்பளம் கிடையாது. எந்த வார்டில் தமிழ்ப் பெற்றோர் வந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மஞ்சள் காமாலைக் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் வெயிலில் காட்டினால் போய்விடும் என்று பாட்டிகள் உறுதியாக நம்புகிறார்கள். "எங்க காலத்துல லைட்டு எங்கய்யா இருந்துச்சு? எட்டுப் பிள்ளைங்க, எல்லாத்தையும் வெயில்லதான் காட்டுனேன்" என்று ஒரு பாட்டி என்னை உட்கார வைத்து வகுப்பே எடுத்தார். அவரை எதிர்த்துப் பேசிப் பயனில்லை. ரத்தத்தில் அந்த மஞ்சள் அளவு ஏறி மூளையில் படிந்துவிட்டால் காது கேட்காமல் போகலாம், கை கால் முறுக்கிக்கொள்ளலாம், ஆகவே வெயிலை நம்பி ஒரு நாளைத் தள்ளக் கூடாது, நீல லைட்டுக்கு அளவு உண்டு, வெயிலுக்கு இல்லை பாட்டி என்று மெதுவாகச் சொன்னதும் அவரே மருமகளிடம், "டாக்டரம்மா சொல்றபடி கேளு" என்றார். சில பொருள்கள் பட்டால் ரத்தச் சிவப்பணு உடைகிற ஜி6பிடி குறைபாடும் அப்படித்தான். இங்கே பிறக்கிற குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே அந்தச் சோதனை செய்துவிடுகிறார்கள். குறைபாடு இருந்தால் பீரோவில் துணிக்கு நடுவே போட்டு வைக்கிற பாச்சை உருண்டை ஆகாது, பிள்ளை பெற்ற உடம்புக்கென்று வருகிற பெயர் தெரியாத நாட்டு மருந்தைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இதை மலாயில் அச்சடித்த தாளைக் கொடுத்துச் சொல்வதற்கும், "அக்கா, பீரோவுல உருண்டை போட்டிருக்கீங்களா?" என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம். ரோஹிங்யா அம்மாக்களோடு பேச மட்டும் நமக்கு இந்த வசதி கிடையாது, மொழிபெயர்க்க உறவினர் யாரையாவது போனில் பிடித்து, அதற்கு நடுவில் வெளிநாட்டவர் கட்டணத்தைப் பற்றி அவர்கள் அழுவதையும் கேட்டு, அன்றைய ரவுண்ட் இழுத்துக்கொண்டே போகும்.

எந்த ஊரில் சேர்வது? தலைநகரில் அரிய நோய் எல்லாம் வந்து சேரும். பழைய பீடியாட்ரிக் இன்ஸ்டிடியூட் துங்கு அசிசா மருத்துவமனைக்கு மாறிய பிறகு கேன்சர், கிட்னி, நரம்பு என்று உட்பிரிவுகள் ஒரே இடத்தில் இருக்கின்றன, லெம்பா பந்தாயில் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் இருக்கிறது. கிளினிகல் பரீட்சைக்குப் படிக்க இதைவிட நல்ல ஊர் கிடையாது, இதயத்தில் முணுமுணுப்பு உள்ள பிள்ளை எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. ஆனால் உட்பிரிவு நிபுணர்கள் நிறைந்த இடத்தில் முடிவெடுக்கிற வேலை உங்கள் கைக்கு வருவது தாமதமாகும். வெளி மாவட்ட மருத்துவமனையில் ஒரே ராத்திரியில் குறைமாதக் குழந்தையும் வலிப்பும் ஆஸ்துமாவும் உங்களிடமே வரும். என்னைக் கேட்டால் முதலில் சின்ன ஊரில் கையைத் திருத்திக்கொண்டு, தியரி முடிந்ததும் கோலாலம்பூருக்கு வாருங்கள். கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் என்று இருப்பவர்களுக்கு இந்த யோசனை சரிப்படாது என்று தெரியும், அவர்கள் மாஸ்டர்ஸ் பக்கம் பார்ப்பது நல்லது, குறைந்தபட்சம் எந்த வருஷம் எங்கே இருப்போம் என்றாவது தெரியும்.

குழந்தைகளைப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வராதீர்கள். குழந்தைகளைப் பிடிக்காத எம்.ஓ. யாரையும் நான் பார்த்ததில்லை, பாதியில் போனவர்களுக்கும் பிடிக்கத்தான் செய்தது. பெற்றோரைப் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்கப் பேசப் போவது அவர்களிடம்தான்.

சேரும் முன்பு அந்த வார்டில் இப்போது இருக்கிற எம்.ஓ. ஒருவரைத் தனியாகத் தேநீருக்குக் கூட்டிப் போங்கள். துறைத் தலைவர் காட்டுகிற ஸ்லைடு வேண்டாம். கடைசியாக எப்போது ராத்திரி ஸ்பெஷலிஸ்டைக் கூப்பிட்டாய், என்ன சொன்னார் என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் நல்ல இடம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஆரம்பித்தால் அடுத்த மருத்துவமனையைப் பாருங்கள்.

என் மதிப்பெண்: நோயாளிகள் கற்றுத் தருவது பத்துக்குப் பத்து, பரீட்சை ஏழு, டீச்சிங் ஐந்து, காசு இரண்டு. ராத்திரிப் போனுக்கு ஓர் இடத்தில் பத்து, ஓர் இடத்தில் ஒன்று. தியரி தாள்களுக்கான என் பழைய நோட்ஸ் ஒரு பெட்டி நிறைய சும்மா கிடக்கிறது, வேண்டுமென்கிறவர்கள் மெசேஜ் போட்டுவிட்டு செந்தூலில் வந்து எடுத்துக்கொள்ளலாம். போஸ்ட்கால் அன்று மட்டும் வராதீர்கள், மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.